தண்டவாளம் மக்களுடையது, லாபம் மட்டும் கம்பெனிக்கா?

புதூருக்கு ரயில் கொடு! தனியார் ரயில் மோசடியைக் கைவிடு!

தனியார் கம்பெனி ரயில் ஓட்ட வந்துவிட்டால் பிரயாணிகளின் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு கூட்டம் தம்பட்டம் அடித்து வருகிறது. ரயில் நேரத்துக்கு வருமாம். பெட்டி பளபளக்குமாம். போட்டி வந்தால் கட்டணம் தானே இறங்குமாம். கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் கரிசல் காட்டில் களை எடுக்கும் கூலித் தொழிலாளிக்கும், கோவில்பட்டிப் பஞ்சாலையில் நூல் ஓட்டும் தொழிலாளிக்கும், தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் நம் சகோதரிக்கும் ஒரே ஒரு கேள்வி உண்டு. அந்தக் கம்பெனி ரயில் எந்த ஊருக்கு வரும்?

புதூருக்கு வருமா? நாகலாபுரத்துக்கு வருமா? விளாத்திகுளத்துக்கு வருமா?

வராது. ஏன் வராது என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். பொறுமையாகப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத தோழர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நடந்தது என்ன?

2019 அக்டோபர் 4-ம் தேதி லக்னோவிலிருந்து டில்லிக்குத் தேஜஸ் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. ரயில்வே நேரடியாக நடத்தாமல் ஐ.ஆர்.சி.டி.சி. என்ற கம்பெனியிடம் ஒப்படைத்த முதல் ரயில் அது. அந்தக் கம்பெனியில் பெரும்பங்கு சர்க்காருடையதுதான். ஆனால் நடத்திய முறை முதலாளி முறை. கூட்டம் கூடினால் கட்டணம் ஏறும். வயதானவர்களுக்குச் சலுகை கிடையாது. ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் பிரயாணிக்கு 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 250 ரூபாய் நஷ்டஈடு என்று அறிவித்தார்கள். ஆகா, என்ன தயாளம்! பாசஞ்சர் ரயில் தாமதமாகி ஒரு நாள் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடுத்தவர் யார்? ஏழையின் நேரத்துக்கு விலை இல்லை என்பதுதானே இதன் பொருள்?

இது வெள்ளோட்டம். 2020 ஜூலை 1-ம் தேதி முழுத் திட்டமும் வெளியே வந்தது. நாடு கொரோனாவில் முடங்கிக் கிடந்தது. வேலையிழந்த தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு நெடுஞ்சாலைகளில் நடந்த கோடை அப்போதுதான் கழிந்திருந்தது. அந்த வேளை பார்த்து 109 வழித்தடங்களில் 151 ரயில்களைத் தனியார் ஓட்டலாம் என்று மத்திய சர்க்கார் டெண்டர் விட்டது. கம்பெனிகள் போடும் மூலதனம் 30,000 கோடி ரூபாய் என்றார்கள். குத்தகைக் காலம் 35 ஆண்டுகள். கட்டணத்தைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம்.

தோழர்களே, அந்த நிபந்தனைகளில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி ரயில் புறப்படும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதே ஊருக்கு அதேபோன்ற வேறு ரயில் புறப்படக்கூடாது! போட்டி வந்தால் நல்லது என்று நமக்குப் பாடம் சொன்னவர்கள், கம்பெனிக்குப் போட்டியே வராமல் வேலி கட்டிக் கொடுத்தார்கள். பாதை நம்முடையது. சிக்னல் நம்முடையது. ஸ்டேஷன் நம்முடையது. ஓட்டுகிற டிரைவரும் பின்னால் நிற்கிற கார்டும்கூட ரயில்வே ஊழியர்கள். பெட்டியும் டிக்கெட்டும் கம்பெனியுடையவை. உழுதவன் ஒருவன், விதைத்தவன் ஒருவன், களத்தில் நெல்லை அள்ளுகிறவன் இன்னொருவன் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இது அந்தக் கதைதான்.

இவ்வளவு கொடுத்தும் முதலாளிகளுக்குப் போதவில்லை. ஓடுகிற பாதைக்கு வாடகை கட்டு, வருமானத்தில் பங்கு கொடு என்ற நிபந்தனை அவர்களுக்குக் கசந்தது. நாட்டை 12 தொகுப்புகளாகப் பிரித்து ஏலம் போட்டார்கள். 2021-ல் விலை கேட்டு வந்தவை இரண்டே கம்பெனிகள். அவற்றில் ஒன்று சர்க்காரின் அதே ஐ.ஆர்.சி.டி.சி.! அவர்கள் கேட்டதும் டில்லி, பம்பாய்ப் பக்கத்து மூன்று தொகுப்புகளை மட்டும். சென்னைத் தொகுப்பைக் கேட்க ஒரு நாதி இல்லை. கடைசியில் அந்த ஆண்டே டெண்டரை ரத்து செய்தார்கள்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. கூட்டம் நிரம்பி வழியும் சென்னைத் தடங்களுக்கே வராத கம்பெனி, கருவேலங்காட்டுக்கு நடுவே உள்ள புதூருக்கு வருமா?

ஆபத்து நீங்கிவிட்டதா?

டெண்டர் ரத்தானதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். வாசலைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. அதே 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் பொதுச் சொத்துக்களைப் பணமாக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் 400 ரயில்வே ஸ்டேஷன்கள் இருந்தன, 90 பிரயாணி ரயில்கள் இருந்தன. ரயில்வே சொத்திலிருந்து மட்டும் 1.52 லட்சம் கோடி ரூபாய் திரட்டப் போவதாகச் சொன்னார்கள். அந்தத் திட்டத்தின் கெடு 2025-ல் முடிந்தது. கொள்கை முடியவில்லை.

2021 நவம்பரில் 'பாரத் கௌரவ்' என்ற பெயரில் சுற்றுலா ரயில்களைத் தனியாருக்கு வாடகைக்கு விட்டார்கள். அதில் முதல் ரயில் புறப்பட்ட இடம் எது தெரியுமா? பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த நம் கோவைதான். 2022 ஜூன் 14-ல் அங்கிருந்து ஷீரடிக்குப் புறப்பட்டது. சாமி கும்பிடப் போகிறவன் போகட்டும், அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பக்தியின் பெயரைச் சொல்லிப் பழகிய கை, நாளைக்குப் பகல் நேர எக்ஸ்பிரஸிலும் விழும்.

வெண்ணெய் அவர்களுக்கு, மோர் நமக்கு

ரயில்வேயின் வரவு செலவு எப்படி நடக்கிறது? நிலக்கரி, இரும்புத்தாது, சிமெண்ட், தானியம் போன்ற சரக்குகளை ஏற்றுவதில்தான் வருமானத்தில் பெரும்பகுதி வருகிறது. பிரயாணி ரயில்கள் செலவைவிடக் குறைவாகவே வசூலிக்கின்றன. அதிலும் ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டிகள்தான் பல ஆண்டுகளில் கையைக் கடிக்காமல் ஓடின. சரக்கில் வரும் மிச்சமும், வசதியுள்ளவன் கொடுக்கும் கட்டணமும் சேர்ந்துதான் சாதாரண ரயிலை ஓட்டுகின்றன. கூடை சுமந்து போகிற பெண்ணும், வேலை தேடித் திருப்பூருக்குப் போகிற இளைஞனும் குறைந்த கட்டணத்தில் போக முடிவது இதனால்தான்.

இப்போது கம்பெனி வந்து எதைக் கேட்கிறது? சாதாரண ரயிலையா? ஒருநாளும் இல்லை. ஏ.சி. பிரயாணியைக் கேட்கிறது. பெரிய நகரத்துக்கும் பெரிய நகரத்துக்கும் இடையே உள்ள தடத்தைக் கேட்கிறது. வெண்ணெயைத் திரட்டி எடுத்துக்கொண்டு மோரை நம் தலையில் ஊற்றுகிறது. வெண்ணெய் போன பிறகு ரயில்வேக்கு நஷ்டம் கூடும். அப்போது டில்லியில் என்ன சொல்வார்கள்? 'பாசஞ்சர் ரயிலால் நஷ்டம், நிறுத்து. சின்ன ஸ்டேஷனால் நஷ்டம், மூடு. புதிய பாதையால் நஷ்டம், கைவிடு' என்பார்கள். கம்பெனி ரயில் நம் ஊருக்கு வராமல் போவதோடு நிற்காது. நம் ஊருக்கு வர வேண்டிய ரயிலையும் வரவிடாது. நாம் இதை எதிர்ப்பதன் காரணம் இதுதான்.

பிரயாணத்துக்கு ஆகும் செலவில் சராசரி 57 சதவீதம்தான் உங்களிடம் வசூலிக்கிறோம் என்று சில ஆண்டுகளாக டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். பிச்சை போட்டுவிட்டுச் சொல்லிக் காட்டுவதைப் போல! நாம் கேட்கிறோம்: குறைந்த கட்டணத்தின் பலன் தொழிலாளிக்கு மட்டுந்தானா போகிறது? சல்லிசாக ரயிலேறி வரும் தொழிலாளியைச் சல்லிசான கூலிக்கு வைத்துக்கொள்ளும் ஆலை முதலாளிக்கு அதில் பங்கில்லையா? அவன் மில் கேட்டில் ஆள் வந்து நிற்பது ரயிலால்தானே? முதலாளியின் பில்லில் மட்டும் இந்த வாசகத்தை ஏன் அச்சடிக்கவில்லை?

பணம் இல்லையா?

சர்க்காரிடம் பணம் இல்லை, அதனால்தான் தனியாரை அழைக்கிறோம் என்கிறார்கள். இந்தப் பொய்யை உடைக்க இரண்டு தேதிகள் போதும்.

2019 செப்டம்பர் 20: கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக மத்திய சர்க்கார் குறைத்தது. இதனால் ஓர் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் இழப்பு என்று நிதி மந்திரியே சொன்னார்.

2019 அக்டோபர் 4: அதற்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து, பணம் இல்லை என்று சொல்லும் அதே சர்க்கார் முதல் ரயிலைக் கம்பெனி கையில் கொடுத்தது.

151 ரயில்களுக்குத் தனியாரிடம் எதிர்பார்த்த மொத்தப் பணம் 30,000 கோடி. முதலாளிகளுக்கு ஒரே ஆண்டில் விட்டுக்கொடுத்தது 1,45,000 கோடி. அதாவது ஏறக்குறைய ஐந்து மடங்கு! ஒரு கையால் அள்ளிக் கொடுத்துவிட்டு, மறு கையை விரித்து 'ஐயோ, காலி' என்றால் நாம் நம்ப வேண்டுமா?

பழைய கம்பெனியை மறந்துவிட்டோமா?

தனியார் ரயில் புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டன் பூட்டன் பார்த்ததே கம்பெனி ரயில்தான். மதுரையிலிருந்து கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் ஓடியது. நடத்தியது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு நிலத்தை இனாமாகக் கொடுத்து, போட்ட மூலதனத்துக்கு 5 சதவீதம் வரை லாபமும் உத்தரவாதம் செய்தது ஆங்கில ஆட்சி. லாபம் குறைந்தால் இந்திய ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டுவார்கள். நஷ்டமே வராத வியாபாரம்!

அந்த 1876 என்ன ஆண்டு? தாது வருஷம். பஞ்சத்தில் நம் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்த ஆண்டு. கரிசல் பருத்தி மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக ரயில் இருந்தது. பருத்தியை விளைவித்தவனுக்குக் கஞ்சி இல்லை. ரயில் இருப்பது மட்டும் முக்கியமல்ல, அது யாருக்காக ஓடுகிறது என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது 1928-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்ற தோழர் சிங்காரவேலரையும் முகுந்தலால் சர்க்காரையும் சிறையில் தள்ளினார்கள். 1944-ல் அந்தக் கம்பெனியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. எந்த மகாராஜாவும் மனமிரங்கிக் கொடுத்த தானம் அல்ல இது. அதில் தொழிலாளியின் வியர்வையும் ரத்தமும் கலந்திருக்கிறது. 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஐந்து தோழர்களை ரயில்வேத் தொழிலாளர்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள்.

'வ.உ.சி.யும் கம்பெனிதானே நடத்தினார்?' என்று சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். ஒட்டப்பிடாரம் பிறந்த மண்ணில் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி 25 ரூபாய் பங்குகளாகச் சேர்த்த பணத்தில் நின்றது. வெள்ளைக்காரனின் கப்பல் ஏகபோகத்தை எதிர்த்து நின்றது. அவரே 1908-ல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தார். இன்றைய கம்பெனி முதலாளி எவராவது தொழிலாளியின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குவாரா? அந்தச் சுதேசிக் கம்பெனியை எப்படி அழித்தார்கள்? பெரிய ஆங்கிலக் கம்பெனி தன் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. சிறியவன் தாங்காமல் சாகும்வரை நஷ்டத்துக்கு ஓட்டியது. போட்டியால் கட்டணம் இறங்கும் என்கிறார்களே, இறங்கும்! எதிரி சாகும்வரை இறங்கும். பிறகு? ஏகபோகம் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். தூத்துக்குடிக் கடல் நமக்குச் சொன்ன பாடம் இது.

சீமையில் என்ன நடந்தது?

தனியார் ரயிலின் தாய்வீடு பிரிட்டன். 1993-ல் சட்டம் செய்து தங்கள் ரயில்வேயைத் துண்டு துண்டாக விற்றார்கள். பாதை ஒரு கம்பெனிக்கு, ரயில் ஓட்டுவது பல கம்பெனிகளுக்கு, பெட்டிகள் வேறு கம்பெனிகளுக்கு என்று பிரித்தார்கள். 2000 அக்டோபர் 17-ல் ஹாட்பீல்டு என்ற இடத்தில் தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்தது. நான்கு பேர் மாண்டார்கள். தண்டவாளத்தில் வெடிப்பு இருப்பது முன்பே தெரிந்திருந்தும் மாற்றவில்லை. பாதைக் கம்பெனியான ரயில்டிராக் அடுத்த ஆண்டே திவாலாயிற்று. 2002-ல் பாதை மீண்டும் பொதுக் கைக்கு வந்தது. ரயில் ஓட்டும் கம்பெனிகளும் லாபம் வரும்போது வாங்கிக்கொண்டு, நஷ்டம் வரும்போது சாவியைச் சர்க்கார் மேஜையில் வைத்துவிட்டுப் போயின. கடைசியில் 2024-ல் அந்தப் பார்லிமெண்டே புதுச் சட்டம் போட்டு, குத்தகை முடிய முடிய ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கிறது. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அந்தச் சட்டப்படி முதலில் பொதுவுடைமை ஆயிற்று.

அங்கேயும் லண்டன்–எடின்பரோ தடத்தில் 2021 முதல் லூமோ என்ற தனிக் கம்பெனி ரயில் ஓடுகிறது. சில டிக்கெட்டுகள் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தேர்ந்தெடுத்த தடம் எது? இரண்டு தலைநகரங்களை இணைக்கும் தடம். மலையடிவாரத்து ஸ்டேஷனுக்கு விளக்கேற்றும் வேலை அதற்கு இல்லை. முப்பது ஆண்டு சூடுபட்ட பூனை அடுப்பங்கரையை விட்டு ஓடுகிறது. நம் ஆட்சியாளர்கள் அந்த அடுப்பில்தான் கை வைக்கப் போகிறார்கள்.

புதூருக்கு என்ன பதில்?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, புதூர், விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்கு 143.5 கிலோமீட்டர் புதிய ரயில் பாதை 2011–12-ல் அங்கீகரிக்கப்பட்டது. மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டார்கள். அதற்கு மேல் திட்டம் காகிதத்தில் படுத்துவிட்டது.

2025 ஜனவரியில் ரயில்வே மந்திரி சென்னைக்கு வந்தார். இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழ்நாட்டு சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது என்றார். நாங்கள் அப்படி எழுதவில்லை என்று மாநில சர்க்கார் மறுத்தது. பிறகு ரயில்வே ஒரு விளக்கம் தந்தது: கேட்டது தூத்துக்குடியைப் பற்றி, இரைச்சலில் மந்திரி காதில் விழுந்தது தனுஷ்கோடியாம்! தூத்துக்குடி எங்கே, தனுஷ்கோடி எங்கே! பதினான்கு ஆண்டு ஒரு பாதைக்காகக் காத்திருந்த ஜனங்களுக்குக் கிடைத்த மரியாதை இதுதான். அம்பானி கேட்டிருந்தால் காதில் தவறாக விழுந்திருக்குமா?

இந்தப் பாதை வந்தால் என்ன ஆகும்? விளாத்திகுளம், புதூர் வட்டாரத்து மிளகாயும் மல்லியும் உளுந்தும் பாசியும் தரகனின் லாரியை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. மானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த ஆண்டில் வேலை தேடிப் போகிறவன் பஸ்ஸுக்குப் பாதிக் கூலியை அழ வேண்டியதில்லை. படிக்கும் பிள்ளை மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போய்வரலாம். பிரசவத்துக்கும் வைத்தியத்துக்கும் பெரியாஸ்பத்திரி எட்டும் தூரத்தில் வரும். இவற்றில் எதுவும் ஒரு கம்பெனியின் லாபக் கணக்கில் ஏறாது. பொதுத்துறை ரயில்வேயின் கணக்கில் மட்டுமே ஏற முடியும், அதுவும் நாம் போராடினால்!

சர்க்கார் ரயில் மட்டும் யோக்கியமா?

தோழர்கள் கேட்பார்கள்: 'சர்க்கார் ரயிலில் மட்டும் நமக்கு என்ன வாழ்கிறது? கழிப்பறையில் நின்றுகொண்டுதானே போகிறோம்?' நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பலான பதில் சொல்ல மாட்டோம். பொதுத்துறையையும் முதலாளித்துவ சர்க்கார்தான் நடத்துகிறது. 2020-ல் பாசஞ்சர் ரயில்களை நிறுத்தி, பிறகு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயாக்கியது இந்த சர்க்கார்தான். அது 10 ரூபாய்க்குத் திரும்ப 2024 பிப்ரவரி ஆயிற்று. முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் பறித்து, ஐந்து ஆண்டு கடந்தும் திருப்பித் தரவில்லை. சுமார் 2.5 லட்சம் வேலைகள் காலி என்று 2023-ல் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். ஆள் இல்லாமல் டிரைவரை ஓய்வின்றி ஓட்டுவதும், பெட்டியைப் பெருக்க ஆள் வைக்காமல் 'பார், சர்க்கார் ரயில் நாறுகிறது' என்று சொல்வதும் ஒரே சூழ்ச்சியின் இரண்டு பக்கங்கள். மாட்டுக்குத் தீவனம் போடாமல் பட்டினி போட்டுவிட்டு, பால் கறக்கவில்லை, கசாப்புக்காரனுக்கு விற்போம் என்கிறான் தரகன்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. பொது ரயில்வேயை நாம் கேள்வி கேட்க முடியும். நாடாளுமன்றத்தில் கேட்க முடியும், ஸ்டேஷன் வாசலில் மறித்துக் கேட்க முடியும், ஓட்டுச் சாவடியில் கேட்க முடியும். 10 ரூபாய்க் கட்டணம் திரும்பியது அப்படித்தான். கம்பெனியைக் கேட்டால் 'காசு இருந்தால் ஏறு, இல்லாவிட்டால் இறங்கு' என்பான். 2020 நவம்பரில் கூட்டம் குறைந்தது என்று தேஜஸை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் முதல் ஊர் திரும்ப வழியற்ற 60 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை ஏற்றிச் சென்றது எது? தாமதமாகவும் குறைகளோடும் ஆனாலும், பொது ரயில்வேதான்.

நாம் கேட்பது என்ன?

பிரயாணி ரயிலை எந்தப் பெயரிலும் தனியாருக்குக் கொடுக்காதே. மதுரை–அருப்புக்கோட்டை–தூத்துக்குடிப் பாதைக்கு முழு நிதியை ஒதுக்கி, முடிக்கும் தேதியை எழுத்தில் கொடு. முதியோர் சலுகையைத் திருப்பிக் கொடு. எல்லா எக்ஸ்பிரஸ்களிலும் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்டு. காலியிடங்களை நிரந்தர வேலைகளாக நிரப்பு. கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடு.

மில் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ரயில்வேத் தொழிலாளர் சங்கமும் இதற்காக ஒன்றாக நிற்க வேண்டும். ரயில்வேக்காரனின் வேலை வேறு, நம் ரயில் வேறு என்று பிரித்துப் பார்ப்பது எதிரிக்குத்தான் லாபம். கிராமம் கிராமமாகப் போவோம். களத்துமேட்டிலும் மில் கேட்டிலும் இந்தக் கணக்கைச் சொல்வோம். புதூர் பஜாரில் எழும் குரல் டில்லியில் எந்த மந்திரி காதிலும் தவறாக விழாதபடி உரக்கக் கேட்போம்.

பாதைக்கு நிலம் கொடுப்பது நாம். கல் உடைப்பதும் தண்டவாளம் சுமப்பதும் நாம். அதில் ஓடும் ரயிலும் நமக்கே ஓட வேண்டும்!